வழக்கமான சாப்பாடுதான்

“புள்ளைங்கள வத்தலா நிக்க வச்சுக் காட்டுனாத்தான் பணங் குடுக்கிற நாட்டுக்காரங்களுக்குக் கண்ணு தெரியுமா?”

உர்சுலா இதைக் கேட்டபோது அவள் கையில் கஞ்சிக் கரண்டி இருந்தது. அது முதலில் சுவரைக் காட்டியது, பிறகு ஜன்னலைக் காட்டியது, கடைசியில் பிரெண்டாவின் மூக்குக்கு நேராக வந்து நின்றது. பிரெண்டா ஓரடி பின்னால் போனாள்.

“ஆன்டி, நான் அப்படியா சொன்னேன்? எப்பவும் என்ன சமைக்கிறீங்களோ அதையே அவங்க வர்ற அன்னைக்கும் சமைங்கன்னு சொன்னேன். அவ்ளோதான் லா.”

“எப்பவும் என்ன சமைக்கிறேன்? அரிசி, பருப்பு, ரெண்டு கேரட். வீட்டுக்கு விருந்தாளி வந்தா ஒங்கம்மா ரெண்டு கேரட்டோட நிறுத்திக்குவாங்களா?”

“அவங்க விருந்தாளி இல்ல ஆன்டி. டோனர், பணம் குடுக்கிறவங்க.”

“செருப்பக் கழட்டிட்டு வாசப்படி ஏறுனா விருந்தாளிதான். போ, போயி ஒன் பேப்பர எழுது.”

பிரெண்டா போய்விட்டாள். முப்பது வயதுப் பெண், படித்தவள், அந்த மையத்துக்கும் பணம் கொடுக்கும் நாட்டுக்கும் நடுவில் நின்று பேசுவதுதான் அவள் வேலை. உர்சுலாவுக்கு அறுபத்தெட்டு. எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் ஒரு சிலுவையும் ஒரு வளையமும் போடுவாள். வாய்க்கு மட்டும் யாரிடமும் பாடம் கேட்டதில்லை.

மையம் கிள்ளானில், பாசாருக்குப் பின்னால், டயர் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்தது. நடத்துபவர் கமலநாதன். காலையில் அகதிப் பிள்ளைகளுக்குப் படிப்பு நடக்கும். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பொடிசுகளுக்குப் படிப்பு கிடையாது, சாப்பாடுதான். பதினாறு பேர். எல்லாம் பர்மாவிலிருந்து ஓடி வந்த ரோஹிங்கியாக் குடும்பத்துப் பிள்ளைகள். அரிசி, கேஸ், மாதம் இரண்டு முறை வரும் நர்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக அட்டைப் பெட்டியில் வரும் கடலைப் பசைப் பொட்டலம், இத்தனைக்கும் செலவழிப்பது எங்கோ வடக்கே ஒரு நாடு. அதன் பெயர் உர்சுலாவின் வாயில் நுழையவில்லை. ஒரு நாள் பிரெண்டா போனில் அந்த ஊரின் படத்தைக் காட்டினாள். வீட்டுக் கூரையெல்லாம் வெள்ளை. அன்றிலிருந்து உர்சுலாவுக்கு அது பனி நாடு.

“இவ்ளோ குளிர்ல கெடந்துகிட்டு கிள்ளான்ல எந்தப் புள்ள சாப்புட்டுச்சு, எந்தப் புள்ள சாப்புடலன்னு அவங்களுக்கு என்னத்துக்கு?” என்று கேட்டாள்.

“உலகத்துல யாரும் பட்டினி கெடக்கக் கூடாதுன்னு அவங்க நாட்டுல ஒரு பணம் ஒதுக்குறாங்க ஆன்டி. வருஷா வருஷம் அவங்க பார்லிமென்ட்ல கேப்பாங்க, எத்தனை புள்ளைங்க தேறுச்சுன்னு.”

“நல்லவங்கதான்,” என்றாள் உர்சுலா. சொல்லிவிட்டு, “ஆனா எண்ணிக்கிட்டே குடுக்கிறாங்க,” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

எண்ணுவதற்கு ஒரு டேப் இருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் போட்ட காகிதப் பட்டை. பிள்ளையின் மேல்கையில் சுற்றி இழுத்தால் ஏதாவது ஒரு நிறத்தில் நிற்கும். பன்னிரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டினால் பச்சை, பயமில்லை. அதற்குக் கீழே மஞ்சள், பொட்டலம் உண்டு. அதற்கும் கீழே சிவப்பு, உடனே டாக்டர். அதை முதன்முதலில் பார்த்தபோது உர்சுலா நர்ஸிடம், “என்னம்மா, சட்டை தைக்கப் போறியா? புள்ள மூஞ்சியப் பாத்தா தெரியாதா? எனக்கு எங் கண்ணு போதும்,” என்றாள்.

அந்தக் கண் அதிகம் போய் நின்றது மினாரா மீது. இரண்டரை வயது. தாய் செனுவாரா பாசாரில் மீன் செதில் சீவுகிறவள். தகப்பன் புல் வெட்டப் போகிறான், வேலை இருக்கிற நாள் போகிறான். மினாரா மஞ்சளின் கீழ்க்கோடியில், சிவப்பை உரசிக்கொண்டு இருந்தாள். கை மட்டும் ஒல்லி, தலை பெரிசு, பார்வை கிழவி மாதிரி. யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்வாள். உர்சுலா திட்டிக்கொண்டே ஊட்டினால் திறப்பாள். என்ன கணக்கோ.

உர்சுலாவுக்கு உட்காரத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் நாலாவது மாடி வீடு. புருஷன் ஸ்டானிஸ்லாஸ் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர், இறந்துபோய் நாலு வருஷமாகிறது. ஒரே மகன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான். இருபத்தாறு வருஷம் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் நின்றுகொண்டே வேலை பார்த்த உடம்பு, வீட்டு நாற்காலியில் ஒட்டவில்லை. விடிந்ததும் கிளம்பி, சென்ட்ரல் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே கிள்ளான் வருவாள். இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். யாராவது, “உக்காருங்க ஆன்டி,” என்றால், “உக்காந்தா யோசனை வரும், நீ உக்காரு,” என்பாள்.

பனி நாட்டிலிருந்து ஆள் வந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள் என்றதும், நின்றுகொண்டிருந்தபோதே யோசனை வந்தது.

அப்போது அவளுக்கு ஆறு வயது. கிள்ளானுக்கு வெளியே ஒரு எஸ்டேட். பிள்ளைக் கொட்டகைக்கு ஏதோ ஒரு நாட்டுக் கொடி போட்ட தகர டின்னில் பால் மாவு வரும். ஒரு நாள் அந்த நாட்டு வெள்ளைக்காரர் கேமராவோடு வந்தார். இருக்கிறதிலேயே ஒல்லியான பிள்ளையை முன்னால் நிறுத்தச் சொன்னார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி அவள் சட்டையைக் கழற்றி நிறுத்தினார். சில மாதம் கழித்து அந்தப் படம் கண்ணாடி போட்டு வந்து, கோயில் மண்டபச் சுவரில் ஏறியது. வருஷக் கணக்கில் தொங்கியது. அவளுடைய அம்மா அந்த மண்டபத்துக்குப் போனால் தலை நிமிரவே மாட்டாள். பாலைக் குடித்தது பொய்யில்லை, பிழைத்தது பொய்யில்லை. ஆனால் அந்தச் சுவரும் பொய்யில்லை. பிறகு பெண் பார்க்க வந்த ஸ்டானிஸ்லாஸ் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். கோபம் வரும்போதெல்லாம், “ஒன் வெலா எலும்ப எண்ணிப் பாத்துட்டுத்தான்டி கட்டுனேன்,” என்பார்.

அதனால் பிரெண்டா, ‘எப்போதும் போல இருக்கட்டும்’ என்றது அவளுக்கு வேறு மாதிரிக் கேட்டது. மினாராவின் சட்டையை யாரோ கழற்றுகிற மாதிரிக் கேட்டது.

வருகைக்கு ஒன்பது நாள் இருந்தது. மறுநாளிலிருந்து உர்சுலா கிள்ளானுக்கு வெறுங்கையோடு வரவில்லை. வீட்டிலேயே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, நெய் விட்டு, குலா மெலாக்கா வெல்லம் தட்டிப் போட்டு, பெரிய டிபன் கேரியரில் அடுக்கினாள். பதினாறு முட்டை அவித்துத் துணியில் சுற்றினாள். கொமுட்டரில் அந்த ஒன்பது நாளும் உட்கார்ந்துதான் வந்தாள், மடியில் முட்டை இருந்ததால்.

“ஆன்டி, எங்கயாச்சும் கல்யாணமா?” என்று ஒருவன் கேட்டான்.

“ஆமா. மாப்பிள்ள வருது, பனியிலேருந்து.”

மையத்தில் காலைக் கஞ்சிக்கு முன்னால் கூழும் முட்டையும், மதியச் சோற்றுக்குப் பின்னால் வாழைப்பழமும் போயின. பொட்டலம் தனி. யாரிடமும் சொல்லவில்லை. கமலநாதன் மேசையை விட்டு எழுந்து சமையல் கட்டுக்கு வருகிற மனிதர் இல்லை. மினாரா முதல் இரண்டு நாள் முட்டையைத் துப்பினாள்.

“துப்பு, துப்பு. ஒங்கொப்பன் கோழிப் பண்ணையா வச்சிருக்கான்?” என்று திட்டினாள் உர்சுலா. வாய் திறந்தது. ஐந்தாம் நாள் அந்தக் கை தானாக டிபன் கேரியரைத் தேடி வந்தது. ஏழாம் நாள் கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. செனுவாரா மீன் வாடையோடு வந்து மகளைத் தூக்கியவள், ஒரு நொடி நின்று, கையால் எடை பார்த்து, “பெராட் சிக்கிட், மக்சிக்,” என்றாள். கொஞ்சம் கனக்கிறாள் ஆன்டி என்று அர்த்தம். உர்சுலா முகத்தைத் திருப்பிக்கொண்டு பானையைத் தேய்த்தாள்.

ஒன்பதாம் நாள் வந்தது ஒரு நெட்டைப் பெண்மணி. வாசலில் செருப்பைக் கழற்றினாள். உர்சுலா பிரெண்டாவைப் பார்த்தாள், ‘சொன்னேனா’ என்பது போல. அந்தம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். சட்டையைக் கழற்று என்று யாரும் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டச் சொன்னார்கள். நர்ஸ் ஒவ்வொரு கையாகச் சுற்றி இழுத்தாள்.

பதினாறில் பதின்மூன்று பச்சை.

மினாரா பச்சையில் ஒரு நூல் இழை அளவு நுழைந்து நின்றாள். உர்சுலா வாங்கிப் போட்ட மஞ்சள் கவுனில் அவளைத் தூக்கி வைத்து அந்தம்மா படம் எடுத்தாள். நல்ல படம். எந்தச் சுவரில் மாட்டினாலும் எந்தத் தாயும் தலை குனிய வேண்டியதில்லை. உர்சுலாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது அந்தம்மா ஏதோ கேட்டாள். பிரெண்டா திருப்பிச் சொன்னாள். “ஆன்டி, பொட்டலத்துக்கு மேல நீங்க வேற ஏதாச்சும் ஸ்பெஷலா குடுக்கிறீங்களான்னு கேக்கிறாங்க.”

“ஸ்பெஷலா? ஒண்ணுமில்ல. வழக்கமான சாப்பாடுதான்.”

பிரெண்டாவின் பார்வை ஒரு தடவை குப்பைக் கூடைக்குப் போய் வந்தது. அதில் முட்டை ஓடு நிறைந்து கிடந்தது. பிறகு அவள் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தம்மா கைதட்டினாள். எல்லோரும் தட்டினார்கள்.

விருந்தாளி போய்விட்டால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பதுதானே முறை. உர்சுலாவும் டிபன் கேரியரைக் கழுவிக் கவிழ்த்தாள். நெய்யும் முட்டையும் கைக்காசு. முட்டியும் வலித்தது. மறுநாளிலிருந்து அரிசி, பருப்பு, ரெண்டு கேரட்.

மூன்றாவது வாரம் கமலநாதன் எல்லோரையும் கூப்பிட்டார். கையில் கடிதம், முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

“நம்ம புள்ளைங்க பதிமூணு பேரு கிராஜுவேட் ஆயிட்டாங்களாம்,” என்றார்.

“எழுத்தே ஆரம்பிக்கல, அதுக்குள்ள கிராஜுவேட்டா?” என்றாள் உர்சுலா.

“தேறிட்டாங்கன்னு அர்த்தம் அக்கா. இனிமே அவங்களுக்குப் பொட்டலம் கெடையாது. மூணு பேருக்காக ஒரு மையம் நடத்த முடியாதாம், அந்த மூணு பேர அடுத்த மாசக் கடைசியில சுங்கை பூலோவுல இருக்கிற மையத்துக்கு மாத்துறாங்க. பெட்டியெல்லாம் இன்னும் மோசமா இருக்கிற வேற நாட்டுக்குப் போகுது. அந்த மாசத்தோட அரிசியும் நிக்குது. நல்லா செஞ்சீங்கன்னு பாராட்டியிருக்காங்க.”

ஆயா ஒருத்தி கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டாள். உர்சுலா பானையைக் கழுவப் போய்விட்டாள்.

பொட்டலம் அன்றோடு நின்றது. அடுத்த வாரமே மினாரா வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பத்து நாள் கழித்து உர்சுலா பாசாருக்குக் கருவேப்பிலை வாங்கப் போனபோது, மீன் மேசைக்குக் கீழே, ஐஸ் பெட்டி அட்டை மேல் அந்தக் குழந்தை படுத்திருந்தது. மஞ்சள் கவுன்தான் போட்டிருந்தது. தோளிலிருந்து வழிந்து தொங்கியது. உர்சுலா குனிந்து மேல்கையைப் பிடித்தாள். அவளுடைய கட்டை விரலும் நடு விரலும் சுற்றி வந்து முட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

“சுடா மக்கான்?” சாப்பிட்டாளா என்று தாயிடம் கேட்டாள்.

செனுவாரா கத்தியை நிறுத்தாமல் தலையை ஆட்டினாள். ஆம் என்றா, இல்லை என்றா, புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை.

கருவேப்பிலை வாங்காமல் உர்சுலா மாடி ஏறினாள். ஏறும்போதே கத்தினாள். “தம்பி! கமலநாதன் தம்பி! அந்தப் பனிக்காரம்மாவுக்குப் போன் போடுங்க.”

“என்ன அக்கா?”

“நான் பொய் சொன்னேன்னு சொல்லணும். ஒம்போது நாளு முட்டையும் நெய்யும் போட்டுக் கொழுக்க வச்சுக் காட்டுனேன். அது பொட்டலத்துல வந்த பச்சை இல்ல. எம் பவுசுல வந்த பச்சை.”

கமலநாதன் எழுந்து கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை, பயந்தவர். “அக்கா, மெதுவா. இப்ப போயி இதச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? கணக்க மாத்திக் காட்டி ஏமாத்துனோம்னு பேரு வரும். இந்த நாடு மட்டுமில்ல, வேற எவனும் ஒரு பிடி அரிசி தர மாட்டான். வேற ஒரு டோனருக்கு எழுதிப் போட்டிருக்கேன். ஆறு மாசம் பொறுங்க.”

“அவ ஆறு மாசம் பொறுப்பாளா? நான் பொறுப்பேன், எனக்கு இடுப்புல சதை இருக்கு.”

“நீங்கதான் வீட்டுலேருந்து கொண்டாந்தீங்களே, இப்பவும் கொண்டாங்களேன்.”

அது தைத்தது. “கொண்டாருவேன். ஒரு புள்ளைக்குக் கொண்டாருவேன். பதினஞ்சு பேரு வாயப் பாத்துக்கிட்டு நிப்பானுங்க. நாட்டுக்காரன் செய்ய வேண்டியத நான் கொமுட்டர்ல தூக்கிட்டு வர முடியுமா? முடியும்னு காட்டுனதுதானே நான் செஞ்ச தப்பு.”

பிரெண்டா அந்த நேரம் வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. அவள் சொன்னது இதுதான்: “வியாழக்கிழமை மூணு மணிக்குக் கடைசி மீட்டிங் இருக்கு. கம்ப்யூட்டர்ல அவங்க வருவாங்க.” சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

வியாழன் வருவதற்குள் உர்சுலா பிரிக்பீல்ட்ஸ் வீட்டைத் தலைகீழாக்கினாள். கழுவின தரையைக் கழுவினாள். ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்தாள், ஈரத்தோடு மாட்டினாள். ஸ்டானிஸ்லாஸின் படத்துக்கு முன்னால் நின்று, “என்ன பாக்குற? எலும்பு எண்ணுறியா?” என்று கேட்டாள். காலையும் மதியமும் ஒரு டப்பாக் கூழோடு பாசாருக்குப் போய் மீன் மேசைக்குக் கீழே குனிந்து ஊட்டினாள். மினாரா இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. திட்டினாலும் திறக்கவில்லை.

வியாழன் மூன்று மணிக்குக் கமலநாதன் மேசையில் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. அதில் நெட்டைப் பெண்மணி, பின்னால் அவளுடைய ஊர்க் காலை வெளிச்சம். கமலநாதன் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. உர்சுலா இடுப்பில் மினாராவோடு வந்து கேமராவுக்கு முன்னால் நின்றாள்.

“அக்கா!” என்று கமலநாதன் கம்ப்யூட்டரை மூடப் போனார். பிரெண்டா அவர் கைக்குக் குறுக்கே தன் கையை வைத்தாள். “வேணாம் சார். நானும் முட்டை ஓட்டப் பாத்தேன். பாத்துட்டு சும்மா இருந்தேன்.”

“நான் சொல்றத சொல்றபடியே சொல்லணும்,” என்றாள் உர்சுலா அவளிடம். “அழகுபடுத்தாத.”

“சரி ஆன்டி.”

“அம்மா, அன்னைக்கு நீங்க கேட்டீங்க, ஸ்பெஷலா ஏதாச்சும் குடுக்கிறியான்னு. இல்லன்னேன். பொய். எனக்கு மானம் பெருசாப் போச்சு. நீங்க வர்றப்போ எம் புள்ளைங்க நல்லாருக்கணும்னு ஒம்போது நாளு ஊட்டுனேன். நீங்க போனதும் நிறுத்திட்டேன். இந்தா பாருங்க கை. அன்னைக்கு இதே கையத்தான் நீங்க படம் புடிச்சீங்க.”

மினாராவின் கையை எடுத்துத் திரைக்கு நேரே பிடித்தாள். பிரெண்டா ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க நேரமானது. ‘மானம்’ என்ற இடத்தில் திக்கினாள், பிறகு ஏதோ சொன்னாள்.

அந்தம்மா பேசியபோது குரலில் இனிப்பு இல்லை. பிரெண்டாவும் அதில் சர்க்கரை போடவில்லை. “எங்க நாட்டுல வரி கட்டுறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்ங்கிறாங்க. கிடங்குல இருக்கிற பெட்டி ஒரு அளவுதான். நீங்க பச்சைன்னு காட்டுனதால ஒங்க பெட்டிய வேற ஊருக்கு எழுதிட்டேன். அது போய்ச் சேந்துருச்சு. அங்க ஒரு புள்ள அதத் தின்னுக்கிட்டிருக்கு. அந்தப் புள்ள கையிலேருந்து நான் திருப்பி வாங்க முடியாதுங்கிறாங்க.”

உர்சுலா இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள் என்று நினைத்தாள், திட்டுக்குப் பதில் வைத்திருந்தாள். எங்கோ இருக்கிற அந்தப் பிள்ளையைப் பற்றி அவள் ஒரு தடவையும் யோசித்ததில்லை.

“வாங்க வேணாம்னு சொல்லு,” என்றாள். “அது தின்னட்டும். அதுக்கும் ஒருத்தி அம்மா இருப்பா. மிச்சம் மீதி இருந்தா தாங்கன்னு கேளு. நாங்க இனிமே உள்ளத உள்ளபடி காட்டுறோம்னு சொல்லு.”

மறுநாள் வெளியிலிருந்து ஒரு நர்ஸ் வந்து பதினாறு பேரையும் திரும்ப அளந்தாள். முன்னறிவிப்பு இல்லை, புதுச் சட்டை இல்லை. ஒன்பது மஞ்சள், ஒரு சிவப்பு: மினாரா. அந்தச் சிவப்பை அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதற்குள் பனி நாட்டிலிருந்து பதில் வந்திருந்தது. வேறொரு இடத்தில் மீந்த பெட்டிகள் கிடைத்திருக்கின்றன, பத்துப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு வரும், அரிசியும் வரும். சொல்லாமல் வந்து அளப்பார்கள்.

“இன்னொண்ணும் எழுதியிருக்காங்க அக்கா,” என்றார் கமலநாதன். சொல்லாமல் பேனாவை மூடினார், திறந்தார்.

“சொல்லித் தொலைங்க தம்பி.”

“சமையலுக்கு வேற ஆள் போடச் சொல்லியிருக்காங்க. தப்பான தகவல் குடுத்தவங்க வேலையில இருக்கக் கூடாதுன்னு அவங்க சட்டம். நான் எவ்ளோவோ எழுதிப் பாத்தேன்.”

“சரிதானே,” என்றாள் உர்சுலா. “நான் டோனரா இருந்தாலும் அதத்தான் செய்வேன்.” போய் அடுப்பை அணைத்தாள். காய்கறி வெட்டும் கத்தி அவள் சொந்தக் கத்தி, அதைத் துணியில் சுற்றிப் பையில் போட்டாள். கரண்டியை எடுத்தாள், பார்த்தாள், தொங்கவிட்டாள். பிரெண்டா மாடிப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

“எந்திரி. ஆள் நடக்கிற வழியில என்ன உக்காரல்?”

“ஸாரி ஆன்டி.”

“நீ எதுக்கு ஸாரி? நீ சொன்னத நான் கேட்டிருக்கணும். மானம்னு சொன்னேனே, அதுக்கு இங்கிலீஸ்ல என்ன சொன்ன?”

பிரெண்டா கண்ணைத் துடைத்தாள். “அந்த நேரத்துல எதுவும் வரல. நீங்க சின்னப் புள்ளையில ஒரு போட்டோவுல நின்னீங்கன்னு மட்டும் சொன்னேன்.”

அதை ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே உர்சுலாதான் அவளிடம் சொல்லியிருந்தாள். பையை எடுத்துக்கொண்டு உர்சுலா படி இறங்கினாள்.

மூன்று வாரம் வீட்டில் இருந்தாள் என்று சொல்ல முடியாது, வீட்டைச் சுற்றி நடந்தாள். நாலாவது சனிக்கிழமை கொமுட்டர் ஏறிவிட்டாள். மையத்துக்குப் போகவில்லை. செனுவாரா குடியிருக்கும் கடை மாடிக்குப் போனாள். செனுவாரா ஓடிப் போய்ப் பால் தேநீர் வாங்கி வந்து வைத்தாள். விருந்தாளிக்குச் செய்கிற மாதிரிதான். உர்சுலா மறுக்காமல் குடித்தாள்.

மினாரா முதலில் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். பிறகு வந்து, மையத்தில் கொடுத்தனுப்பிய பொட்டலத்தை உர்சுலாவின் மடியில் போட்டுவிட்டு வாயைத் திறந்து நின்றாள். உர்சுலா முனையைக் கடித்துக் கிழித்தாள். “தின்னு. இன்னொருத்தி மிச்சம் வச்சது, சிந்தாமத் தின்னு.” கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுக்கிக் கொடுத்தாள். பையில் முட்டை இல்லை. உள்ளதை உள்ளபடி காட்டுவதாகச் சொல்லியிருந்ததால் வேண்டுமென்றேதான் கொண்டு போகவில்லை. அதற்காக வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பொட்டலம் தீர்ந்ததும் மேல்கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் முட்டின, ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை.

“பரவால்ல, தேறிட்டா,” என்று சொல்ல வாயெடுத்தாள். வாயை மூடிக்கொண்டாள். டிபன் கேரியரைக் கழுவிக் கவிழ்த்த அன்றைக்கும் இந்தக் கண்தான் பரவாயில்லை என்றது.

திரும்பி வரும்போது கொமுட்டரில் நின்றுகொண்டே வந்தாள். சென்ட்ரலில் இறங்கி வீட்டுக்குத் திரும்பாமல், பிரிக்பீல்ட்ஸில் தையல் சாமான் விற்கும் சபாபதி கடைக்குப் போனாள்.

“அளக்கிற டேப் ஒண்ணு குடு. சென்டிமீட்டர் போட்டது.”

“இந்த வயசுல தையல் பழகப் போறீங்களா ஆன்டி?”

“ஒனக்குக் கோட்டு தைக்கலாம்னு பாக்குறேன். பேசாமக் குடு.”

சபாபதி ஒரு மஞ்சள் டேப்பை எடுத்துப் போட்டார். உர்சுலா அதை இழுத்துப் பார்த்தாள், கோடும் எழுத்துமாக ஓடியது.

“எனக்குப் படிக்கத் தெரியாது. பன்னண்டரையில ஒரு செவப்பு நூல் கட்டிக் குடு.”

அவர் ஏதோ கேட்க வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கோட்டை எண்ணி, ஊசி கோத்து, பன்னிரண்டரையில் சிவப்பு நூலை இறுக்கி முடிச்சுப் போட்டார். சரியான கோட்டில்தானா என்று அவள் இரண்டு தடவை எண்ணச் சொன்னாள். எண்ணினார். நூலுக்குக் காசு வேண்டாம் என்றார். டேப் மூன்று ரிங்கிட் இருபது சென்.